இருந்தபடியே, இருந்த இடத்திலேயே: தீக்குப் பின் எழும் நீதி குறித்துச் சில சிந்தனைகள்

எரிந்தழிந்த ஒரு கட்டிடத்தை மீள எழுப்புவோர் உண்மையில் எதனை மீள எழுப்புகின்றனர்? கல்லையும் மரத்தையுமா, அவற்றினுள் நிகழ்ந்த வாழ்வையா, அன்றி அக்கட்டிடத்தின்மீது தாம் கொண்டிருந்த பெருமிதத்தையா? கட்டிடக் கலைஞரும் பொறியியலாளரும் விடைகூறி முடித்துவிடக்கூடிய வினாவன்று இது. இழப்பு யாருடையது, அதனை ஈடுசெய்யும் கடன் யாருடையது, ஈடு எத்தகையதாக அமைதல் வேண்டுமென்று உரைக்கும் உரிமை யாருடையது என்னும் அறவியற் சிக்கல்கள் அதனுள் அடங்கியுள்ளன.

இத்தாலியின் வெனிஸ் நகரிலுள்ள லா பெனிச்சே என்னும் இசைநாடக அரங்கு 1792ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அப்பெயரின் பொருள் பீனிக்ஸ் பறவை என்பதாகும். முன்னைய அரங்கொன்றைத் தீக்குப் பறிகொடுத்தோர், புதிதாக எழுப்பிய அரங்குக்குச் சாம்பலினின்றும் உயிர்த்தெழும் பறவையின் பெயரை இட்டனர். பெயர் அவர்கள் எதிர்பார்த்ததற்கு மேலாகவே பொருந்திற்று. 1836இல் அரங்கு எரிந்தது. மறு ஆண்டே மீண்டும் எழுந்தது. வெர்டியின் ‘ரிகொலெற்றோ’ 1851இலும் ‘லா த்ராவியாற்றா’ 1853இலும் முதன்முதலாக மேடையேறியது அங்குதான். பின்னர் 1996 சனவரி 29ஆம் திகதி இரவு அது மறுபடியும் எரிந்தது. அப்போது அரங்கு திருத்த வேலைகளுக்காக மூடப்பட்டிருந்தது. அயலிலிருந்த கால்வாய்களும் தூர்வாருவதற்காக நீர் வடிக்கப்பட்டுக் கிடந்தன. நீரின் நடுவே நிற்கும் நகரில், தீயணைக்கும் படகுகள் அரங்கை அணுகுவதற்கு நீர் இல்லாமற் போயிற்று. விடிந்தபோது பெரும்பாலும் வெளிச்சுவர்களே எஞ்சியிருந்தன.

அதன் பின்னர் அந்நகரில் ஒலித்த முழக்கமே இங்கு ஆராயத்தக்கது. “இருந்தபடியே, இருந்த இடத்திலேயே” என்பது அம்முழக்கம். 1902இல் புனித மாற்கு சதுக்கத்தின் மணிக்கோபுரம் இடிந்து வீழ்ந்தபோது முதலில் எழுந்த அதே சொற்களை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் அரங்குக்காக வெனிஸ் மக்கள் மீண்டும் எடுத்தனர். கட்டிடக் கலைஞர் அல்டோ றொஸ்ஸியின் திட்டத்தைத் தழுவி வேலை நடைபெற்றது. உட்புற அலங்காரங்களின் நுணுக்கங்களை அறிவதற்கு, விஸ்கொன்ரி 1954இல் நெறியாண்ட ‘சென்சோ’ என்னும் திரைப்படத்தின் காட்சிகள் துணைசெய்தன. அப்படத்தின் தொடக்கக் காட்சி அவ்வரங்கினுள்ளேயே படமாக்கப்பட்டிருந்தது. கற்பனைக் கதையொன்று ஒரு நகரத்தின் ஞாபகமாக மாறிய விந்தை அது. 2003 டிசெம்பர் 14ஆம் திகதி அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது.

அரங்கு எவ்வாறு எரிந்தது என்பதும் கேட்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் விசாரணை நிகழ்ந்தது. திருத்த வேலையில் ஈடுபட்டிருந்த இரு மின்வினைஞர்கள், வேலை தாமதித்தமைக்காகச் செலுத்த நேரும் தண்டப்பணத்துக்கு அஞ்சித் தீயிட்டனர் என நீதிமன்றம் கண்டு, 2001இல் அவர்களைத் தண்டித்தது. இரு நூற்றாண்டுக் கால அரங்கு ஒரு தண்டப்பணத்துக்கு ஈடாக எரிந்தது என்பதை எண்ணும்போது சிரிப்பதா அழுவதா எனத் தோன்றுவது இயல்பே. ஆயினும், காரணம் இன்னதென்று அறியும் உரிமை அந்நகரத்துக்கு உண்டென்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

மீளெழுப்புதலை முற்றாக மறுத்தோரும் உளர். ஆங்கிலச் சிந்தனையாளர் ரஸ்கின், பழங்கட்டிடத்தைப் பழையபடி ஆக்குதல் என்பது ஒரு பொய் என்று 1849இல் வாதிட்டார். இறந்த தொழிலாளியின் கைத்திறனை இன்னொருவனின் கையினால் மீட்கவியலாது என்பது அவரது கருத்து. இவ்வாதம் வலிமையானது. எனினும் தமிழருடைய கோயில் மரபை நோக்குமிடத்து, பொருளின் பழமையில் அத்துணைப் பிடிவாதம் அங்கு இல்லை. திருப்பணியின்போது மூர்த்தியின் சக்தி பாலாலயத்துக்கு மாற்றப்படுகின்றது. தூண் மாறுகின்றது, விமானம் மாறுகின்றது, சுதை புதிதாகின்றது. குடமுழுக்கின் பின்னர் கோயில் அதே கோயில்தான். கோயிலைக் கோயிலாக்குவது அங்கு நிகழும் வழிபாட்டின் தொடர்ச்சியே. அரங்குக்கும் இஃது ஒக்கும். பாடுவோரும் கேட்போரும் திரும்பி வருவதற்கே மண்டபம் கட்டப்படுகின்றது. ஆகவே வெனிஸ் மக்களின் முழக்கத்தை ரஸ்கினின் அளவுகோலால் மாத்திரம் பொய்யெனத் தள்ளிவிட முடியாது.

மனிதர் வேண்டுமென்றே இட்ட தீயாயின் சிக்கல் வேறொன்றாகின்றது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31ஆம் திகதி இரவு எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தார் என்பது தமிழர் மறவாத செய்தி. நூலகத்தைப் பழைய தோற்றத்திலேயே எழுப்புவதா, எரிந்த சுவர்களைச் சான்றாக விட்டுவைப்பதா என்று பின்னாளில் கருத்து வேறுபாடு எழுந்தது. பழைய தோற்றமே பெரிதும் வென்றது. இன்று அதனைப் புதிதாகக் காணும் இளைஞன், வெண்ணிறச் சுவர்களில் தீயின் சுவடு எதனையும் காணமாட்டான். படிப்பகம் திரும்பக் கிடைத்தது நன்று. குற்றத்தின் தடயம் வெள்ளையடிக்கப்பட்டது நன்றன்று. இவ்விரண்டும் ஒரே செயலால் நிகழ்ந்தன என்பதே அங்குள்ள இடர்.

மேற்கூறியவை இரண்டும் பெயர்பெற்ற கட்டிடங்கள். இவற்றுக்காக உலகு அழுதது, அழுததில் தவறில்லை. பெயரில்லாத கட்டிடம் எரியுமாயின் இவ்வறம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிய ஊவா மாகாணத்துத் தோட்டங்களுக்குச் செல்லுதல் வேண்டும்.

ஊவா தீயை அறியாத நிலமன்று. 1818இல் ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியப் படைகள் சிங்களக் கிராமங்களை எரித்தன, நெல்லை அழித்தன, கால்நடைகளைக் கொன்றன. பின்னர் அம்மலைகளிற் கோப்பியும், கோப்பி நோயுற்று அழிந்த பின் தேயிலையும் பயிராயின. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர். 1983 யூலையில் பதுளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. இவை வரலாற்று நூல்களில் ஒருவாறு இடம்பெற்றுவிட்ட தீகள். வரலாற்றில் இடம்பெறாத தீ ஒன்று உண்டு. அது லயத்துத் தீ.

லயம் எவ்வாறு எரிகின்றது என்பதை விளக்குதல் அவசியம். அதன் அமைப்பிலேயே அநீதி கட்டப்பட்டுள்ளது. ஒரே நீண்ட கூரையின் கீழ்ப் பத்து, பன்னிரண்டு, சிலவிடத்து இருபதுக்கும் மேற்பட்ட காம்பராக்கள். ஒவ்வொரு காம்பராவும் ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. இரு வரிசைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரட்டை லயங்களும் உண்டு. பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரைவரை எழுவதில்லை. அயல் வீட்டாரின் இருமலும் ஏச்சும் குழந்தையின் அழுகையும் எவ்வழியாக வருகின்றனவோ, அவ்வழியாகவே தீயும் வருகின்றது. தகரத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள் தலைமுறைக் கணக்கான அடுப்புப் புகையால் கரியேறி உலர்ந்திருக்கும். மழைக்காலத்துக்கென அடுப்பின்மேற் பரணில் விறகு அடுக்கப்பட்டிருக்கும். தீயணைப்பு வாகனம் நகரத்திலிருந்து வருதல் வேண்டும். மடுல்சீமைக்கோ லுணுகலைக்கோ ஏறும் பாதைகளை அறிந்தோர் அவ்வாகனத்துக்காகக் காத்திருப்பதில்லை. வாளிகளும் குடங்களும் வாழைமட்டைகளுமே அங்குத் தீயணைப்புப் படை. பகலிலாயின் பெரியோர் கொழுந்து மலையில் இருப்பர். புகை தெரிந்து ஓடிவரும்போது முதற் காம்பராவில் தொடங்கிய தீ நடு லயத்தைக் கடந்திருக்கும்.

மறுநாட் செய்தித்தாளில் இந்நிகழ்வு சில வரிகள் பெறும். காரணமாகப் பெரும்பாலும் ஒரு சொல் வரும்: மின்னொழுக்கு. வெனிஸ் அரங்கும் மின்வினைஞரால் எரிந்ததே. ஆயின் அங்கு அம்மின்வினைஞர் யார், அவர்களை ஏவியோர் உளரா, மேற்பார்வை செய்யவேண்டியோர் எங்கிருந்தனர் என ஆண்டுக்கணக்கில் வினவப்பட்டது. இங்கு மின்னொழுக்கு என்னும் சொல்லோடு விசாரணை முற்றுப்பெறுகின்றது. ஒரு காம்பராவுக்கென இழுத்த கம்பியிலிருந்து எத்தனை காம்பராக்கள் ஒளி பெறுகின்றன, அக்கம்பியை மாற்றும் பொறுப்பு யாருடையது, இடைச்சுவர் ஏன் கூரையைத் தொடவில்லை என்பனவும் தீயின் காரணங்களே. மின்னொழுக்கு என்று கூறுவது, இறந்தவனின் மரணத்துக்குக் காரணம் மூச்சு நின்றமை என்று கூறுவதை ஒக்கும்.

எரிந்தது யாருடையது? இங்குதான் சட்டம் விசித்திரமான விடையொன்றைத் தருகின்றது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. லயத்திற் பிறந்து, லயத்தில் மணந்து, லயத்தில் இறக்கும் மக்களிற் பெரும்பாலோருக்கு அக்காம்பராவுக்கு உறுதி இல்லை. ஆகவே எரிந்த கட்டிடம் சட்டத்தின் கண்ணில் அவர்களுடையதன்று. நூறாண்டு பழமையான ஒரு கட்டிடம் குறைந்தது என்பது கணக்கேட்டின் முடிவு. வெனிஸ் அரங்கின் உரிமைப் பத்திரமும் அந்நகரத்துப் பாடகர் எவரிடமும் இருக்கவில்லை; எனினும் “எம் அரங்கு” என்று அவர்கள் சொன்னபோது அச்சொல்லை உலகு ஏற்றுக்கொண்டது. லயத்து மனிதன் “என் வீடு” என்னும்போது மட்டும் உறுதி கேட்கப்படுகின்றது.

காம்பராவினுள் எரிந்தவையோ ஐயத்துக்கிடமின்றி அவர்களுடையவை. அவற்றுள் ஒன்று தகரப்பெட்டி. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிய பின்னர், அடுத்த ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் தாம் இந்நாட்டில் இத்தனை ஆண்டுகள் வதிந்தோர் என்பதை எண்பிக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றும் தோட்டத்துப் பதிவும் பழைய துண்டுச் சீட்டுகளும் அன்று முதல் நகையினும் மேலாகப் பேணப்பட்டன. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, அப்பெட்டிக்குள்ளிருந்த தாள்களே ஒரு குடும்பத்தின் திசையைத் தீர்மானிக்க வல்லவையாயின. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அவ்வச்சம் தணிந்தது. எனினும் தீயினின்றும் முதலில் எதனை எடுத்து ஓடுவது என்பதில் முதியோரின் கை இன்னும் அத்தகரப்பெட்டியையே நாடும்.

இப்போது வெனிஸ் நகரின் முழக்கத்தை இம்மலையில் நின்று மீண்டும் ஒலித்துப் பார்க்கலாம். “இருந்தபடியே, இருந்த இடத்திலேயே.” அரங்குக்குச் சூளுரையாக இருந்தது லயத்துக்குச் சாபமாகின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடியை இருந்தபடியே எழுப்புவது, தீ அழித்த அநீதியை மனிதர் மீண்டும் கட்டுவதாகும். பதுளை மண் தந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் ‘மீன்கள்’ என்னும் சிறுகதையில், ஒரு குடும்பம் முழுவதும் ஒரே காம்பராவுக்குள் படுத்துறங்க நேர்வதன் அவலத்தைக் காட்டினார். அவ்வவலத்துக்கு எந்தப் புனரமைப்பு அழகியலும் பொருந்தாது. இந்தளவில் முழக்கத்தின் முதற்பாதி வீழ்கின்றது.

இரண்டாம் பாதியை அவ்வாறு எளிதில் வீழ்த்த முடியாது. வேறிடத்திற் குடியேற்றுவதாகக் கூறும்போது தயங்குவோரை நன்றியற்றோர் என அதிகாரிகள் சிலர் கருதுவதுண்டு. அத்தயக்கத்தை ஊன்றி நோக்கின், அதனுள் ஒரு நியாயம் இருப்பது தெரியும். லயத்தின் பின்னால் ஒரு மரக்கறித் தோட்டம். அதன் அருகே மாட்டுப்பட்டி. மேட்டில் மாரியம்மன் கோயில். சரிவில் பாட்டனும் பூட்டனும் புதைக்கப்பட்ட நிலம். உறுதியில்லா மக்களுக்கு இவையே உறுதி. “இருந்த இடத்திலேயே” என்பதை அவர்கள் கோருவர். “இருந்தபடியே” என்பதைக் கோரார். வெனிஸில் ஒன்றாக நின்ற இரு சொற்றொடர்கள் ஊவாவில் பிரிந்து ஒன்றுக்கொன்று எதிராகின்றன. எதனை எடுத்து எதனை விடுவது என்பதை, அங்கு வாழ்ந்தோரன்றி வேறெவரும் தீர்மானித்தல் முறையாகாது. இடமே இல்லாமற் போவதும் உண்டு. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மீள்வதற்கு அவ்விடம் எஞ்சவில்லை. அத்தகைய நிலையில் வேற்றிடமே விடை. அங்கும் எவ்விடம் என்பதை வினவுதல் கடமையாகும்.

வினவும் காலத்தில் அவர்கள் எங்கிருப்பர்? தோட்டப் பாடசாலையில், கோயில் மண்டபத்தில், பின்னர் தற்காலிகக் கொட்டில்களில். கோயில் மூர்த்தியைப் பாலாலயத்தில் நெடுங்காலம் வைத்திருத்தல் ஆகாது என்பது மரபு; திருப்பணி இழுபட்டால் ஊர் கேள்வி கேட்கும். தற்காலிகக் கொட்டிலுக்கு அத்தகைய ஆகமம் எதுவும் இல்லை.

இனி, ஓர் எதிர்வாதம். இசையரங்கையும் குடியிருப்பையும் ஒருங்கு வைத்து நோக்குவது தகுமா? ஒன்று கலை, மற்றொன்று கூரை. இரண்டின் இழப்பும் வேறுவேறு வகையின என்று கூறலாம். இவ்வாதம் தோட்டத்தை அறியாதோரின் வாதம். தோட்டத்து மக்களுக்கும் அரங்கு உண்டு. அதற்குக் கூரை இல்லை என்பதே வேறுபாடு. மாசி மாதத்தில் கோயில் முன்றிலிலோ லயத்தின் முன்னுள்ள பொட்டலிலோ காமன் கம்பம் நாட்டப்பட்டுக் காமன்கூத்து ஆடப்படுகின்றது. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் திறந்த வெளியிலேயே நிகழ்கின்றன. அவ்வரங்குக்கு ஒப்பனை அறை எது? லயத்துக் காம்பராவே. தப்பு தொங்குவது அதன் சுவரில். உடுப்பும் முடியும் இருப்பது அதன் பரணில். பாட்டுகள் எழுதிய கொப்பி இருப்பது அதே தகரப்பெட்டியில். ஆகவே லயம் எரியும்போது ஓர் அரங்கின் பாதியும் எரிகின்றது. அதனை எவரும் அரங்கு எரிந்ததாக எழுதுவதில்லை.

காமன்கூத்தில் தீ ஒரு பாத்திரம் என்பதும் நினைக்கத்தக்கது. தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிக்கின்றான், இரதி புலம்புகின்றாள், மூன்றாம் நாள் காமன் உயிர்ப்பிக்கப்படுகின்றான். தமிழ்நாட்டில் காமன் பண்டிகையை ஒட்டிய லாவணியில் “எரிந்த கட்சி”, “எரியாத கட்சி” என இரு தரப்பினர் எதிரெதிர் நின்று, காமன் எரிந்தானா இல்லையா எனப் பாட்டாலேயே வாதிடுவர். ரஸ்கின் எரிந்த கட்சி. வெனிஸ் மக்கள் எரியாத கட்சி எனலாம். இக்கதை தரும் தீர்வோ இரண்டிலும் அடங்காது. கந்தபுராண மரபின்படி, உயிர்பெற்ற காமன் உலகத்தார் கண்ணுக்கு உருவற்றவன். இரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவுடையவன். எரிந்தவன் இருந்தபடியே மீளவில்லை. யார் இழந்தாளோ அவளுக்கு மீள்கின்றான். தேவர்களின் வசதிக்கேற்ப அவனை மீட்டுக் கொடுப்பது பற்றிக் கதையில் பேச்சில்லை.

லயத்துத் தீயின் மறுநாள் கிராம உத்தியோகத்தர் குடும்ப விபரம் எடுப்பது வழக்கம். பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்தவர் தொகை என்பன கேட்கப்படும். அரிசி, பருப்பு, பாய், போர்வை என்பன வழங்கப்படும். உங்களிடம் என்ன இருந்தது, இனி எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்னும் இரு வினாக்களுக்கு அப்படிவத்தில் இரு வரிகள் ஒதுக்குவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. முதல் வினாவுக்கு எவரேனும் ‘ஒரு தப்பு’ என்று விடையளித்தால், அதனையும் எழுதிக்கொள்ள அங்கு இடம் இருத்தல் வேண்டும்.